வாங்க மறுத்தார், வாங்கியதை மறுத்தார்

‘அதிகாரி பணம் வாங்க மறுத்தார்.’ ‘அதிகாரி பணம் வாங்கியதை மறுத்தார்.’ இரண்டு வாக்கியங்களிலும் எழுவாய் ஒன்று, பயனிலை ஒன்று, பணமும் ஒன்றுதான். ஆனால், முதல் வாக்கியத்தில் வருபவர் நேர்மையாளர். இரண்டாவதில் வருபவர் குற்றம் சாட்டப்பட்டவர். ஒரு மனிதரின் பெயரையே காப்பாற்றவோ கெடுக்கவோ போதுமான இந்த வேறுபாடு, ‘வாங்க’ என்பதற்கும் ‘வாங்கியதை’ என்பதற்கும் இடையில் அடங்கிக் கிடக்கிறது. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட பத்து வயதுக் குழந்தைகூட இதில் தடுமாறுவதில்லை.

இதே செய்தியை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டுமானால் இரண்டு வினைச்சொற்கள் தேவை. முதலாவதற்கு ‘ரெஃப்யூஸ்’, இரண்டாவதற்கு ‘டினை’. அதோடு முடியவில்லை. ‘ரெஃப்யூஸ்டு டு டேக்’ என்று எழுத வேண்டும். ‘டினைடு டேக்கிங்’ என்று எழுத வேண்டும். ஒன்றின் பின் ‘டு’ சேர்ந்த வடிவம். மற்றொன்றின் பின் ‘இங்’ சேர்ந்த வடிவம். இடம் மாற்றி எழுதினால் பிழை. முதல் வடிவத்தை இன்ஃபினிடிவ் என்றும் இரண்டாவதை ஜெரண்ட் என்றும் ஆங்கில இலக்கணம் அழைக்கிறது. எந்த வினைக்குப் பின் எது வரும் என்பது தமிழ்வழியில் படித்து வரும் மாணவர்களைத் தொடர்ந்து மிரட்டி வரும் கேள்விகளில் ஒன்று.

கூடலூரிலிருந்து கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வழியாகத் தேனி வரை நீளும் பள்ளத்தாக்கில், தமிழ்வழியில் பயின்று, குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிப் படியேறும் பிள்ளைகள் பலர். அவர்களுக்கு ஆங்கிலம் என்பது தேர்வுத்தாள் மட்டுமன்று; வேலைக்கான விண்ணப்பம், வங்கிக் கடிதம், நீதிமன்ற ஆவணம் ஆகியவற்றின் மொழியும் அதுவே. இந்தப் பள்ளத்தாக்கின் வயல்களுக்குப் பாயும் முல்லைப் பெரியாற்று நீரின் உரிமைகூட ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஓர் ஒப்பந்தத்திலும், ஆங்கிலத்தில் எழுதப்பட்ட தீர்ப்புகளிலும்தான் நிற்கிறது. எனவே, இந்த இலக்கணக் கேள்வியைச் சிறு விஷயம் என்று ஒதுக்க இயலாது.

பட்டியல் என்னும் சுமை

நம் வகுப்பறைகளில் இதைக் கற்பிக்கும் வழி பெரும்பாலும் ஒன்றுதான்: பட்டியல். ‘வான்ட், ஹோப், டிசைட், ப்ராமிஸ், ரெஃப்யூஸ், அக்ரி, பிளான்’ ஆகியவற்றுக்குப் பின் ‘டு’ வரும். ‘என்ஜாய், அவாய்ட், ஃபினிஷ், சஜஸ்ட், டினை, அட்மிட், போஸ்ட்போன், ப்ராக்டிஸ், கீப்’ ஆகியவற்றுக்குப் பின் ‘இங்’ வரும். ‘பிகின், ஸ்டார்ட், கன்டின்யூ’ போன்றவை இரண்டையும் ஏற்கும். ‘ரிமெம்பர், ஃபர்கெட், ஸ்டாப், ரிக்ரெட், ட்ரை’ ஆகியவையும் இரண்டையும் ஏற்கும். ஆனால், பொருள் மாறும். இந்த நான்கு பட்டியல்களையும் மனப்பாடம் செய்துவிட்டால் தேர்வில் இரண்டு மதிப்பெண் உறுதி.

தேர்வு முடிந்த மறுநாள் பட்டியல் மறந்துவிடுகிறது. காரணம், பட்டியலுக்குப் பின்னால் உள்ள நியாயம் சொல்லப்படுவதில்லை. நியாயம் இருக்கிறது, அதில் பெரும்பகுதி மாணவரின் தாய்மொழியிலேயே இருக்கிறது. ஆங்கில வகுப்பில் தமிழுக்கு இடமில்லை என்ற எண்ணத்தால் அதை நாம் எடுத்துக் காட்டுவதில்லை.

‘டு’ எங்கிருந்து வந்தது?

ஆங்கிலத்தில் ‘டு’ என்பது முதலில் ஓர் இடத்தை நோக்கிச் செல்வதைக் காட்டும் முன்னிடைச் சொல். ‘டு மதுரை’ என்றால் மதுரைக்கு. பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லின் பின், வினையிலிருந்து பிறந்த ஒரு வடிவம் தனி விகுதி ஏற்று வந்தது. அதை நான்காம் வேற்றுமை வடிவமாகவே மரபிலக்கணம் கருதியது. ‘செய்வதற்கு’ என்று நாம் சொல்வது போன்ற அமைப்பு அது. விகுதிகள் காலப்போக்கில் தேய்ந்து உதிர்ந்துவிட, ‘டு’ மட்டும் எஞ்சி, வினையின் முன் நிற்கும் அடையாளமாகிவிட்டது. ஆனாலும் ‘நோக்கி’ என்னும் பழைய வாசனை அதைவிட்டு முற்றிலும் போகவில்லை. ‘டு’ வரும் இடங்களில் பெரும்பாலும் செயல் இனிமேல்தான் நடக்கவேண்டியதாக, முன்னால் இருப்பதாக இருக்கும்.

தமிழிலும் இதே உறவைக் காணலாம். தொல்காப்பியர் வினையியலில் வகுத்துக்கூறும் ஒன்பது வினையெச்ச வாய்பாடுகளுள் ‘செய’ என்பதும் ஒன்று. ‘செயற்கு’ என்பதும் ஒன்று. ‘செயல்’ என்னும் தொழிற்பெயர் நான்காம் வேற்றுமை உருபு ஏற்ற வடிவமே ‘செயற்கு’. பெயராகத் தொடங்கிய அது எச்சமாகவே இயங்குவதைக் கண்டு, அதை எச்சங்களின் வரிசையில் அவர் சேர்த்தார். ‘டு’ கடந்துவந்த பாதையும் இதைப் போன்றதுதான். பிற்காலத்தில் தமிழ் இலக்கணம் எழுதிய ஐரோப்பியர்கள் ‘செய’ வாய்பாட்டு எச்சத்தை இன்ஃபினிடிவ் என்றே அழைத்தனர். 1856-இல் வெளிவந்த கால்டுவெல்லின் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணமும் அப்பெயரைக் கையாள்கிறது. அவர்கள் தம் மொழி வழியாக நம் மொழியைப் புரிந்துகொண்டார்கள். அந்தப் பாதையில் எதிர்த்திசையில் நடக்க நம் மாணவர்களுக்கும் தடையேதும் இருக்கக் கூடாது.

‘இங்’ வடிவத்தின் வரலாறு வேறு. பழைய ஆங்கிலத்தில் வினையைப் பெயராக்கும் ஒரு விகுதியும், பெயரெச்சம் போல் இயங்கும் மற்றொரு விகுதியும் தனித்தனியாக இருந்தன. இடைக்கால ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்றாகக் கலந்து ‘இங்’ ஆயின. அதனால்தான் 2002-இல் வெளியான கேம்பிரிட்ஜ் ஆங்கில இலக்கணம் ஜெரண்ட், பார்ட்டிசிபிள் என்ற பழைய பிரிவினையைக் கைவிட்டு, இரண்டையும் ஒரே வடிவமாகக் கொண்டது. நம் நோக்கத்துக்கு இது போதும்: ‘இங்’ என்பது அடிப்படையில் பெயர்த்தன்மை கொண்டது, நம் தொழிற்பெயருக்கு நெருங்கியது. செயலைக் கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய ஒரு பொருளாக அது முன்வைக்கிறது.

அமெரிக்க மொழியியலாளர் டுவைட் போலிஞ்சர் 1968-இல் இந்த வேறுபாட்டை ஒரு கருத்தாக வடித்தார். ‘டு’ வடிவம் இன்னும் நிகழாத, நிகழக்கூடிய செயலைச் சுட்டும். ‘இங்’ வடிவம் ஏற்கெனவே உண்மையாகிவிட்ட, அல்லது உண்மையாகக் கருதப்படும் செயலைச் சுட்டும் என்பது அதன் சாரம். 1985-இல் வெளிவந்த குவர்க் முதலானோரின் பெரும் இலக்கண நூலும் ஏறத்தாழ இதே திசையில்தான் விளக்குகிறது. இதைத் தமிழில் சுருக்கினால், ‘செய்ய’ என்பது முன்னால் இருப்பது. ‘செய்ததை’, ‘செய்வதை’ என்பது கண்முன் இருப்பது.

தமிழ் வினைகள் சொல்லித் தருபவை

இந்தத் திறவுகோலைக் கொண்டு, பொருள் மாறும் வினைகளைப் பார்க்கலாம். வயலுக்கு நீர் பாய்ச்சப் போனவர் வீடு திரும்பியபின் ‘மடையை அடைக்க மறந்துவிட்டேன்’ என்றால், மடை திறந்தே கிடக்கிறது. ‘மடையை அடைத்ததை மறந்துவிட்டேன்’ என்றால், மடை அடைபட்டிருக்கிறது, நினைவுதான் தப்பியிருக்கிறது. ஆங்கிலத்தில் ‘ஃபர்காட் டு குளோஸ்’ என்பது முதலாவது. இரண்டாவது வகை ஆங்கிலத்தில் பெரும்பாலும் ‘நெவர் ஃபர்கெட்’ என்ற தொடரில் வரும்: ‘ஐ வில் நெவர் ஃபர்கெட் மீட்டிங் ஹிம்’, அதாவது அவரைச் சந்தித்ததை மறக்கவே மாட்டேன். ‘ரிமெம்பர்’ என்ற வினையில் வேறுபாடு இன்னும் தெளிவு. ‘ரிமெம்பர் டு குளோஸ்’ என்றால் அடைக்க நினைவில் வை. ‘ரிமெம்பர் குளோசிங்’ என்றால் அடைத்தது நினைவிருக்கிறது.

போடிமெட்டு மலைச்சாலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் ஜீப்பை எண்ணிக்கொள்வோம். ஓட்டுநர் ‘தேநீர் குடிக்க நிறுத்தினார்’ என்றால், வண்டி ஒரு கடையோரம் நிற்கிறது. ‘தேநீர் குடிப்பதை நிறுத்தினார்’ என்றால், அவர் அந்தப் பழக்கத்தையே விட்டுவிட்டார். ‘ஸ்டாப்டு டு டிரிங்க்’, ‘ஸ்டாப்டு டிரிங்கிங்’ என்னும் இரண்டும் இவற்றின் நேர் இணைகள். ‘ஸ்டாப்’ என்ற சொல்லின் இலக்கணத்தைத் தமிழ் மாணவருக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை, சுட்டிக்காட்டினாலே போதும்.

‘ரிக்ரெட்’ என்பதும் அவ்வாறே. ‘உங்கள் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை எனத் தெரிவிக்க வருந்துகிறோம்’ என்று வங்கி எழுதும் கடிதத்தில் ‘ரிக்ரெட் டு இன்ஃபார்ம்’ வரும். தெரிவித்தல் இதோ இப்போது நடக்கப்போகிறது. ‘நிலத்தை விற்றதற்கு வருந்துகிறேன்’ என்று ஒரு விவசாயி சொன்னால் அது ‘ரிக்ரெட் செல்லிங்’. விற்பனை நடந்து முடிந்த ஒன்று.

கட்டுரையின் தொடக்கத்தில் கண்ட ‘மறு’ என்ற வினைக்கு ஓர் உடன்பிறப்பு உண்டு, அது ‘ஒப்புக்கொள்’. ‘கடனைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டார்’ என்பது வாக்குறுதி. ‘கடன் வாங்கியதை ஒப்புக்கொண்டார்’ என்பது வாக்குமூலம். முதலாவது ‘அக்ரி டு பே’. இரண்டாவது ‘அட்மிட் பாரோயிங்’. ஆங்கிலம் நான்கு வினைகளை வைத்துச் செய்யும் வேலையை, தமிழ் இரண்டு வினைகளையும் இரண்டு வடிவங்களையும் வைத்துச் செய்கிறது. ‘அக்ரி’, ‘ரெஃப்யூஸ்’ ஆகியவை ஏன் ‘டு’ பட்டியலில் இருக்கின்றன, ‘அட்மிட்’, ‘டினை’ ஆகியவை ஏன் ‘இங்’ பட்டியலில் இருக்கின்றன என்று கேட்கும் மாணவருக்கு இதைவிடச் சுருக்கமான விடை கிடையாது. காவல் நிலையத்தில் கொடுக்கும் வாக்குமூலத்தை ஆங்கிலத்தில் பெயர்க்கும்போது ‘அக்ரி’, ‘அட்மிட்’ இரண்டையும் குழப்பிக்கொண்டால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

‘செய்து’ என்னும் மூன்றாவது கதவு

‘செய்ய’ என்றால் ‘டு’. ‘செய்ததை’ என்றால் ‘இங்’. இத்துடன் மற்றொரு தமிழ் வடிவத்தையும் சேர்த்துக்கொண்டால் பட்டியலின் இன்னொரு பகுதியும் வெளிச்சம் பெறும். அது ‘செய்து’ என்னும் இறந்தகால வினையெச்சம்.

‘எழுதி முடித்தேன்’ என்பது ‘ஃபினிஷ்டு ரைட்டிங்’. ‘எழுதிக்கொண்டே இருந்தேன்’ என்பது ‘கெப்ட் ரைட்டிங்’. ‘எழுதிப் பார்த்தேன்’ என்பது ‘ட்ரைடு ரைட்டிங்’. மூன்றிலும் தமிழில் ‘எழுதி’. மூன்றிலும் ஆங்கிலத்தில் ‘இங்’. காரணம் எளிது: முடிப்பதற்கும், தொடர்வதற்கும், சோதிப்பதற்கும் செயல் ஏற்கெனவே தொடங்கியிருக்க வேண்டும்.

‘ட்ரை’ என்ற வினை பலரைக் குழப்புவது. ‘திராட்சைத் தோட்டத்தின் கதவைத் திறக்க முயன்றார்’ என்றால், திறந்ததா இல்லையா என்பது தெரியாது. அது ‘ட்ரைடு டு ஓப்பன்’. ‘கொடிக்கு வேறு உரம் போட்டுப் பார்த்தார்’ என்றால், உரம் போட்டாயிற்று. பலன் கிடைத்ததா என்பதே கேள்வி. அது ‘ட்ரைடு யூசிங்’. முயற்சிக்கும் சோதனைக்கும் இடையே உள்ள வேறுபாட்டை ‘முயல்’, ‘பார்’ என்னும் இரு வினைகளில் தமிழ் தெளிவாக வைத்திருக்கிறது. ‘சாப்பிட்டுப் பார்’ என்று வீட்டில் தினமும் சொல்லும் நாம், அதையே ஆங்கிலத்தில் ‘ட்ரை டு ஈட்’ என்று எழுதிவிடுகிறோம்.

அண்டை மொழிகளின் பாடம்

கம்பம் பள்ளத்தாக்கு ஒற்றைமொழி நிலமன்று. மலையேறினால் மலையாளம், ஊர்களுக்குள் தெலுங்கும் கன்னடமும் பேசும் வீடுகள். மொழிக்கு மொழி இந்தத் தேர்வு மாறும் என்பதை அறிய இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

குமுளி வழியாக இடுக்கிக்கு வேலைக்குச் சென்று வருபவர்கள் ‘பறயான் மறந்நு’ என்ற தொடரைக் கேட்டிருப்பார்கள்; ‘சொல்ல மறந்தேன்’ என்று பொருள். ‘பறஞ்ஞது மறந்நு’ என்றால் ‘சொன்னதை மறந்தேன்’. தமிழைப் போன்றே மலையாளமும் பிரித்துக் காட்டுகிறது. அங்கு வரும் ‘ஆன்’ ஈறு நமக்கு அந்நியமானதும் அன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டின் நன்னூல் எடுத்துரைக்கும் ‘வான்’, ‘பான்’ ஈற்று வினையெச்சங்களின் வழிவந்தது அது. நாம் கைவிட்டதை மலையாளம் அன்றாடப் பேச்சில் வைத்திருக்கிறது.

ஆனால், இன்றைய தெலுங்கில் ‘சொல்ல மறந்தேன்’ என்பதற்கு ‘செப்படம் மர்ச்சிபோயானு’ என்பது இயல்பான வழக்கு. ‘செப்படம்’ என்பது ‘சொல்லுதல்’ என்னும் தொழிற்பெயர். அதாவது, தமிழும் மலையாளமும் ஆங்கிலமும் எச்சத்தை வைக்கும் இடத்தில் தெலுங்கு தொழிற்பெயரை வைக்கிறது. எனவே, எல்லா மொழிகளுக்கும் பொதுவான இயற்கை விதி என்று எதுவும் இல்லை. ‘ஃபர்கெட்’ என்ற வினையில் தமிழ் மாணவருக்கு வாய்க்கும் வசதி, தெலுங்கு மாணவருக்கு வாய்க்காமல் போகலாம். தாய்மொழி எங்கே கைகொடுக்கிறது, எங்கே காலை வாருகிறது என்பதை ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனியாகவே கணக்கிட வேண்டும்.

தமிழ் தடுமாறச் செய்யும் இடங்கள்

தமிழும் சில இடங்களில் காலை வாரும். அவற்றை மறைத்துவிட்டுத் திறவுகோலைப் பற்றி மட்டும் பேசுவது நேர்மையன்று.

‘எழுதப் பழகு’ என்பதில் ‘செய’ எச்சம் வருகிறது. அதை நம்பி ‘ப்ராக்டிஸ் டு ரைட்’ என்று எழுதினால் பிழை. ‘ப்ராக்டிஸ் ரைட்டிங்’ என்பதே முறை. ஆனால், ‘நீந்தக் கற்றுக்கொண்டான்’ என்பது ‘லேர்ன்டு டு ஸ்விம்’. கற்பவருக்குத் திறமை முன்னால் இருக்கிறது. பயிற்சி செய்பவரோ செயலுக்குள்ளேயே இருக்கிறார். 

‘போகலாம் என்று ஆலோசனை சொன்னார்’ என்பதைப் பலர் ‘சஜஸ்டட் டு கோ’ என்று எழுதுகின்றனர். அது வழக்கிலில்லை. ‘சஜஸ்டட் கோயிங்’ என்றே சொல்ல வேண்டும். ‘ஒரு டிராக்டர் வாங்கலாமா என்று யோசிக்கிறேன்’ என்பது ‘கன்சிடரிங் பையிங்’. வாங்குவது எதிர்காலத்தில்தான், போலிஞ்சரின் கருத்துப்படி ‘டு’ வந்திருக்க வேண்டும் என்று தோன்றும். ஆனால், யோசிப்பவர் அந்தச் செயலை ஒரு கருத்தாக எடுத்து முன்னால் வைத்துப் புரட்டிப் பார்க்கிறார்; செய்யப் புறப்பட்டுவிடவில்லை. ‘அவாய்ட்’, ‘போஸ்ட்போன்’ ஆகியவையும் இவ்வகையே. இங்கு ‘போவதைத் தவிர்த்தார்’, ‘போவதைத் தள்ளிப்போட்டார்’ என்று தமிழும் தொழிற்பெயரையே ஆள்வதால் தவறு நேர வாய்ப்புக் குறைவு.

‘எப்படியோ வந்து சேர்ந்தான்’ என்பதில் செயல் முடிந்துவிட்டது. ‘செய்து’ வடிவமும் வருகிறது. ஆயினும் ஆங்கிலத்தில் ‘மேனேஜ்டு டு ரீச்’ என்றே வரும். அங்கு நியாயத்தைவிட வழக்கே வலிது. ‘மோட்டாரைப் பழுது பார்க்க வேண்டும்’ என்பதை ‘த மோட்டார் நீட்ஸ் ரிப்பேரிங்’ என்று சொல்லும்போது, ‘இங்’ வடிவம் செயப்பாட்டுப் பொருளில் நிற்கிறது. இவற்றைத் தனியே நினைவில் கொள்ளத்தான் வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பரவலான பிழை, கடிதத்தின் கடைசி வரியில் நிகழ்வது. ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ’ என்று எழுதுகிறோம். ‘டு’ வந்துவிட்டதே, இனி வினையின் மூல வடிவம்தானே என்று கை தானாகப் போகிறது. இங்குள்ள ‘டு’ வினையின் அடையாளம் அன்று. பழைய முன்னிடைச் சொல். சோதித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. ‘டு’வுக்குப் பின் வினையை நீக்கிவிட்டு ஒரு பெயர்ச்சொல்லை வையுங்கள். ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு யுவர் ரிப்ளை’ என்பது பொருந்துகிறது. பெயர் பொருந்தினால் வினையும் பெயராக வேண்டும், எனவே ‘ஹியரிங்’. ‘வான்ட் டு’ என்பதன் பின் ‘யுவர் ரிப்ளை’ பொருந்தாது. எனவே அங்கு மூல வடிவம். ‘யூஸ்டு டு’ என்ற தொடரிலும் இதே பொறி இருக்கிறது. ‘ஐ யூஸ்டு டு ரைஸ் எர்லி’ என்றால் முன்பெல்லாம் அதிகாலையில் எழுவேன், இப்போது அப்படியில்லை. ‘ஐ ஆம் யூஸ்டு டு ரைசிங் எர்லி’ என்றால் அதிகாலையில் எழப் பழகிவிட்டேன்.

அணையும் இலக்கணமும்

இந்தப் பள்ளத்தாக்கின் வாழ்வோடு பிணைந்த ஆங்கிலத் தொடர்களில் இதைப் பொருத்திப் பார்க்கலாம். 1886 அக்டோபர் 29-இல் திருவிதாங்கூர் மகாராஜாவுக்கும் பிரிட்டிஷ் இந்திய அரசுக்கும் இடையே 999 ஆண்டுகளுக்கான குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தானது. 1895-இல் பென்னிகுவிக் கட்டிய அணை பயன்பாட்டுக்கு வந்தது. நீர்மட்டத்தை 136 அடியிலிருந்து 142 அடிக்கு உயர்த்த 2006 பிப்ரவரி 27-இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. அடுத்த மாதமே கேரளம் தன் சட்டத்தைத் திருத்தி 136 அடிக்கு மேல் உயர்த்துவதைத் தடுத்தது. அந்தச் சட்டத்திருத்தம் செல்லாது என அரசியல் சாசன அமர்வு 2014 மே 7-இல் தீர்ப்பளித்தது.

இந்த வரலாற்றை ஆங்கிலத்தில் எழுத முற்படும் மாணவர் நான்கு அமைப்புகளைக் கடந்தாக வேண்டும். ‘நீதிமன்றம் உயர்த்துவதை அனுமதித்தது’ என்றால் ‘பெர்மிட்டட் ரெய்சிங்’. யாருக்கு என்று சொன்னால் வடிவம் மாறும்: ‘தமிழ்நாட்டை உயர்த்த அனுமதித்தது’ என்பது ‘பெர்மிட்டட் தமிழ்நாடு டு ரெய்ஸ்’. ‘அலவ்’, ‘அட்வைஸ்’ ஆகியவையும் இவ்வாறே: ஆள் வந்தால் ‘டு’, ஆள் வராவிட்டால் ‘இங்’. ‘உயர்த்துவதற்குக் கேரளம் ஆட்சேபம் தெரிவித்தது’ என்றால் ‘அப்ஜெக்டட் டு ரெய்சிங்’. இங்குள்ள ‘டு’ மேலே கண்ட முன்னிடைச் சொல். ‘உயர்த்தவிடாமல் தடுத்தது’ என்றால் ‘ப்ரிவென்டட் ஃப்ரம் ரெய்சிங்’. ‘ஃப்ரம்’ முதலான எந்த முன்னிடைச் சொல்லுக்குப் பின்னும் ‘இங்’தான். அனுமதி, ஆட்சேபம், தடை ஆகிய மூன்றும் ஓர் அணையின் வழக்கில் அடங்குகின்றன. ஆங்கிலப் பாடநூலின் ஓர் அத்தியாயமும் அவற்றில் அடங்கிவிடுகிறது. அணையைப் பற்றிச் சிறுவயது முதலே கேட்டு வளரும் கூடலூர்ப் பிள்ளைக்கு, ‘ஜான் என்ஜாய்ஸ் ஸ்கீயிங்’ என்ற வாக்கியத்தைவிட இவை மனத்தில் நிற்கும்.

அகராதியும் ஆசிரியரும்

எந்த விளக்கமும் எட்டாத சொற்கள் எப்போதும் சில எஞ்சும். அதற்குரிய கருவி அகராதி. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ.எஸ். ஹார்ன்பி, அயல்மொழி மாணவருக்கு வேண்டியது சொல்லின் பொருள் மட்டுமன்று, அது எந்த அமைப்பில் வரும் என்பதும்தான் என்று உணர்ந்தார். அவர் உருவாக்கிய அகராதி 1942-இல் ஜப்பானில் வெளியாகி, 1948-இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாகி, இன்று மாணவர் அகராதிகளுள் முதன்மையானதாக விளங்குகிறது. அதில் ஒவ்வொரு வினைக்கும் கீழே ‘டு டூ சம்திங்’, ‘டூயிங் சம்திங்’ என்று அமைப்பு காட்டப்பட்டிருக்கும். பொருளைப் பார்த்தவுடன் அகராதியை மூடிவிடும் நம் பழக்கத்தால் அந்த வரி கண்ணில் படுவதில்லை. கைப்பேசியிலேயே அகராதி கிடைக்கும் இந்நாளில், அந்த ஒரு வரியைப் படிக்கக் கற்பிப்பது நான்கு பட்டியல்களைவிடப் பயன் தரும்.

அகராதிக்கு முன்னால் நிற்க வேண்டியவர் ஆசிரியர். ஆங்கில வகுப்பில் தமிழ் பேசினால் அபராதம் என்று விதி வைத்துள்ள பள்ளிகள் தமிழ்நாட்டில் இன்னும் இருக்கின்றன. ஆங்கிலத்தை நிறையக் கேட்டுப் பேச வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால், பேச்சுப் பயிற்சி வேறு. இலக்கண விளக்கம் வேறு. வீட்டிலும் தெருவிலும் ஆங்கிலம் ஒலிக்காத சூழலில் வளரும் பிள்ளைக்கு, காதால் கேட்டே அமைப்புகள் படிந்துவிடும் என்று எதிர்பார்ப்பது, மழையே இல்லாத ஊரில் மானாவாரி விதைப்பதற்கு ஒப்பானது. அப்பிள்ளையிடம் ஏற்கெனவே முழுமையாக உள்ள ஒரே இலக்கணம் தாய்மொழியின் இலக்கணம். அதைத் தொடக்கூடாது என்று விலக்கி வைத்துவிட்டு, வெறுங்கையோடு ஆங்கிலத்துக்குள் நுழையச் சொல்கிறோம்.

இதற்குப் பெரிய திட்டமோ நிதி ஒதுக்கீடோ வேண்டியதில்லை. ஒன்பதாம் வகுப்பிலோ பத்தாம் வகுப்பிலோ இப்பாடம் வரும் நாளில், தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் சேர்ந்து ஒரு பாடவேளையைப் பகிர்ந்துகொண்டால் போதும். தொழிற்பெயரையும் வினையெச்சத்தையும் தமிழாசிரியர் நினைவூட்டட்டும். அவற்றின் ஆங்கில இணைகளை ஆங்கில ஆசிரியர் எதிரே எழுதட்டும். பொருந்துபவை ஒரு பக்கம், பொருந்தாதவை மறு பக்கம் எனப் பிரித்தால், மனப்பாடம் செய்ய வேண்டிய பட்டியல் வெகுவாகச் சுருங்கிவிடும். இதில் இன்னொரு பயனும் உண்டு. தேர்வுக்குப் பின் எதற்கும் உதவாது என்று மாணவர்கள் எண்ணும் ‘செய’ வாய்பாடும் தொழிற்பெயரும், தாம் அன்றாடம் பேசும் மொழியின் நுட்பங்கள் என்பதை அவர்கள் கண்டுகொள்வார்கள். பாடநூல் குழுக்களும் ஆங்கிலப் பாடத்தின் ஓரத்தில் ‘வாங்க மறுத்தார்’, ‘வாங்கியதை மறுத்தார்’ போன்ற இணைகளுக்கு நாலு வரி ஒதுக்கலாம்.